வேலூர் மலைச் சைக்கிள் கூட்டாளிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஓட்டேரிப் பக்கம் ஹெல்மெட்டும் செம்மண்ணுமாக நிற்கும் எங்களைப் பார்த்து டீக்கடையில் கேட்டவை, சேரலாமா என்று போன் போட்டவர்கள் கேட்டவை, எங்கள் வீட்டுக்காரர்களே கேட்டவை எல்லாம் இதில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைத்துவிட்டோம்.

நீங்கள் யார்? கிளப்பா, சங்கமா?

இரண்டும் இல்லை. பதிவு, தலைவர், பேனர் எதுவும் கிடையாது. ஒரே நிறத்தில் பனியன் அடிக்கலாம் என்று ஒரு பேச்சு வந்தது. எந்த நிறம் என்ற இடத்திலேயே அது நின்றுபோனது. ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் அண்ணன், அரசுப் பள்ளி டீச்சர் அக்கா, காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் பையன்கள், நைட் டியூட்டி முடித்து நேராக வந்துவிடும் நர்ஸ், மளிகைக் கடை மாமா என்று கலவையான கூட்டம். சைக்கிள் இல்லாவிட்டால் இவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசியிருக்கவே வழியில்லை.

பெயரில் வேலூர் இருந்தாலும் ஆட்களும் மலைகளும் பல மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1989இல் வட ஆற்காட்டிலிருந்து திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்கள் ஆயின. மளிகைக் கடை மாமா இன்னும் எல்லாவற்றையும் வட ஆற்காடு என்றுதான் சொல்வார். வள்ளிமலை, ஏலகிரி, ஜவ்வாது மலை மூன்றுக்கும் போகிற எங்களுக்கு அவர் கணக்குதான் வசதி.

மலைச் சைக்கிள் என்றால் கியர் சைக்கிள்தானே?

கியர் இருப்பதால் மட்டும் மலைச் சைக்கிள் ஆகிவிடாது. தடித்த, பல் வைத்த டயர், அகலமான ஹேண்டில்பார், டிஸ்க் பிரேக், முன்னால் சஸ்பென்ஷன் ஃபோர்க், செங்குத்து ஏற்றத்திலும் மிதிக்கவிடும் சின்ன கியர் எல்லாம் சேர்ந்து வரவேண்டும். சக்கரம் இப்போது பெரும்பாலும் 27.5 அல்லது 29 இன்ச். பழையதில் 26.

இந்த விளையாட்டு பிறந்தது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில். 1970களில் அங்கே சிலர் பழைய பலூன் டயர் சைக்கிள்களை மலைக்கு ஏற்றிக்கொண்டுபோய் மண் பாதையில் இறக்கினார்கள். 1976இல் தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு 'ரீபேக்' என்று பெயர். கிட்டத்தட்ட 400 மீட்டர் இறக்கம். அந்தக் காலத்துச் சைக்கிளில் பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் ஹப் பிரேக். கீழே வந்து சேர்வதற்குள் ஹப்பில் இருந்த கிரீஸ் எல்லாம் சூட்டில் புகைந்து போய்விடும். திரும்பவும் கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பெயர் அங்கிருந்து வந்தது. 20 வருடத்தில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் இது பதக்கப் போட்டியாகிவிட்டது.

எந்தச் சைக்கிள் வாங்கலாம்?

போனில் வரும் கேள்விகளில் பாதி இதுதான். கம்பெனி பெயர் சொல்ல மாட்டோம். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம்.

முதலில் பிரேமின் சைஸ். கடையில் இருப்பதைத் தலையில் கட்டிவிடுவார்கள். தரையில் நின்றபடி மேல் கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே நான்கு விரலாவது இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மலையில் சட்டென்று கால் ஊன்றும்போது கண்ணில் நீர் வந்துவிடும்.

இரண்டாவது, விலை குறைந்த 'டபுள் சஸ்பென்ஷன்' வேண்டவே வேண்டாம். பார்க்க பைக் போல இருக்கும், பையன்களுக்கு ஆசையாகவும் இருக்கும். ஆனால் அந்த விலையில் வரும் பின்பக்க ஸ்பிரிங் எடையைத்தான் கூட்டும். நீங்கள் மிதிக்கும் பலத்தில் பாதியை அதுவே தின்றுவிடும். அதே காசுக்கு முன்னால் மட்டும் சஸ்பென்ஷன் வைத்த சைக்கிள் வாங்கினால் நல்ல பிரேக்கும் நல்ல கியரும் கிடைக்கும்.

மூன்றாவது பிரேக். கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் போதும். அறுந்தால் எந்த ஊர் சைக்கிள் கடையிலும் கேபிள் கிடைக்கும். ஹைட்ராலிக் இன்னும் நன்றாகப் பிடிக்கும், ஒற்றை விரலே போதும். ஆனால் சிலவற்றுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் ஆயில். மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிக் கெட்டுப்போகும். உங்களுடையது எது என்று வாங்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

பழையது வாங்குவதுதான் எங்கள் யோசனை. ஆசையாக வாங்கி இரண்டு மாதம் ஓட்டிவிட்டு மாடிப்படிக்குக் கீழே சார்த்தி வைத்திருப்பவர்கள் காந்தி நகர், சத்துவாச்சாரி என்று எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள். வாங்குவதற்கு முன் எங்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள், வந்து பார்க்கிறோம். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

வேலூரில் மலைச் சைக்கிள் ஓட்ட இடம் எங்கே இருக்கிறது?

வேலூர்க்காரரே இதைக் கேட்கும்போதுதான் ஆச்சரியமாக இருக்கிறது. ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை மலை. கோட்டைக்குக் கிழக்கே மலை உச்சியில் பழைய அரண் சுவர்களே நிற்கின்றன.

வழக்கமாகப் போவது பாலமதி. பாகாயம், ஓட்டேரி தாண்டி மலைப் பாதை. தார் ரோடுதான் என்றாலும் ஏற்றம் தொடை நரம்பைச் சுண்டி இழுக்கும். புதிதாக வருபவரின் தெம்பு முதல் சில வளைவுகளிலேயே தெரிந்துவிடும். மேலே ஏறிவிட்டால் பொழுது விடியும்போது வேலூர் முழுக்கக் காலடியில் கிடக்கும்.

வார நாளில் நேரம் இல்லாதபோது ஏரிக்கரைகள். கரை மேல் ஒற்றையடிப் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். பாலன்ஸ் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. பாலாற்று மணலில் ஓட்டலாமே என்று எல்லாரும் ஒருமுறை கேட்பார்கள். இறங்கிப் பாருங்கள், இருபது அடிக்குள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடப்பீர்கள்.

வள்ளிமலைக்குப் போனால் அரை நாள் ஆகும். கிராமத்துச் சாலைகள், கரும்புத் தோட்டம், பொன்னை ஆற்றுப் பக்கம். மலையில் முருகன் கோயிலும் 9ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களும் இருக்கின்றன. சைக்கிளை அடிவாரத்தில் விட்டுவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். யாராவது ஒருவர் காவல் இருப்போம். பெரும்பாலும் முழங்கால் வலி என்று சொல்பவர்.

அமிர்திக்குக் கணியம்பாடி வழியாகப் போவோம். ஜவ்வாது மலையின் அடிவாரம், வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் காற்றே வேறு. ஜவ்வாது மலையின் மேலே, ஜமுனாமரத்தூர், காவலூர் பக்கம் போவதென்றால் முதல் நாளே கிளம்பித் தங்க வேண்டும். காவலூரில்தான் 2.34 மீட்டர் தொலைநோக்கி வைத்த வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்கே சாமை சோறு கிடைத்தால் விடாதீர்கள்.

ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு புலவர் அல்லது வள்ளலின் பெயர் வைத்திருக்கிறார்கள். அத்தனை பெயர்ப்பலகையையும் நிதானமாகப் படிக்கும் வேகத்தில்தான் நாங்கள் ஏறுவோம். வேலூரிலிருந்து அடிவாரம் வரை ஹைவேயில் மிதிப்பது வீண் என்று முடிவாகிவிட்டது. சைக்கிள்களைக் குட்டியானையில் ஏற்றிப் பொன்னேரி வரை கொண்டுபோய் இறக்குவோம். அடுக்கும்போது நடுநடுவே பழைய போர்வை வைக்க வேண்டும். ஒருவர் பெடல் இன்னொருவர் ஸ்போக்கில் நுழைந்து வந்த சண்டைகள் உண்டு.

காட்டுக்குள் போவீர்களா?

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவதில்லை. இதில் விவாதமே கிடையாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு விதிகள் இறுகின. அது நியாயம்தான். கோடையில் இந்த மலைகளில் மஞ்சம்புல் காய்ந்து கிடக்கும்போது ஒரு பீடித் துண்டு போதும்.

விலங்கும் இருக்கிறது. குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் ஆந்திர எல்லையில் கவுண்டின்யா சரணாலயத்திலிருந்து யானை இறங்கும். அந்தப் பக்கம் போவதானால் ஊர்க்காரரிடம் கேட்காமல் ஒரு மிதி மிதிக்க மாட்டோம். மாடு மேய்ப்பவர் "இன்னிக்கு வேணாம் நைனா" என்றால் அன்றைக்கு வேண்டாம். கூகுள் மேப்பில் கோடு தெரிகிறதே என்று அவரோடு வாதாடுபவரை அடுத்த வாரம் கூப்பிட மாட்டோம்.

பஞ்சர் ஆனால் என்ன செய்வீர்கள்?

ஆனால் என்று கேட்காதீர்கள். ஆகும். வேலூர் மண்ணில் இரண்டு எதிரிகள். ஒன்று வேலிகாத்தான் முள், சீமைக்கருவேலம் என்று சொல்வார்களே, அது. ஏரிக்குள், கரையில், ரோட்டோரத்தில், எங்கும் உண்டு. விறகுக்கு வெட்டிக்கொண்டு போகிறவர்கள் பாதை நெடுகச் சிந்திவிட்டுப் போவார்கள். இன்னொன்று நெருஞ்சி. மழை விட்ட பிறகு மஞ்சள் பூ விரித்து அழகாகப் படர்ந்திருக்கும். அதன் மேல் ஓட்டிவிட்டால் டயரில் வரிசையாக ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கிய உடனே காற்று இறங்கும். பிடுங்காமல் வீடு வரை ஓட்டிவிடுவது பல சமயம் நல்லது.

டியூபைக் கழற்றியதும் எல்லாரும் ஓட்டையைத்தான் தேடுவார்கள். முள்ளைத் தேடுங்கள். வேலிகாத்தான் முள்ளின் நுனி டயருக்குள்ளேயே முறிந்து நிற்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. புது டியூப் போட்டு நூறு மீட்டர் போனால் மறுபடியும் காற்று போகும். டயரின் உள்பக்கம் விரலை மெல்லத் தடவிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். அவசரப்பட்டால் விரலில் ஏறும். எங்கள் டீச்சர் அக்கா பழைய துணியைத் தேய்த்துக்கொண்டு போவார். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே முள். அதன்பின் ஒரு சின்ன இடுக்கி. டியூபில் ஓட்டை எங்கே என்று பார்க்கத் தண்ணீர் இல்லாவிட்டால் காற்றடித்துவிட்டுக் கன்னத்தருகே வைத்துச் சுற்றுங்கள். மயிரிழை ஓட்டையையும் கன்னம் கண்டுபிடித்துவிடும்.

அடிக்கடி போகிறவர்கள் டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்டார்கள். டயருக்குள் ஊற்றும் பால் போன்ற சீலண்ட், முள் குத்திய இடத்தில் பொங்கி வந்து தானாக அடைத்துவிடும். நம் ஊர் சூட்டில் அது சீக்கிரம் காய்ந்துபோகும். சில மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும்.

காற்று விஷயம் ஒன்று. பஞ்சர் கடையில் கொடுத்தால் நல்லெண்ணத்தில் கல்லு மாதிரி அடித்துக் கொடுத்துவிடுவார்கள். மலைக்கு 25 முதல் 30 பிஎஸ்ஐ போதும், உடம்பு எடையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கலாம். டயர் அமுங்கினால்தான் கல்லைப் பிடிக்கும். ஒல்லியான பிரஸ்டா வால்வு வைத்த டியூபுக்குக் கடை கம்ப்ரஸர் பொருந்தாது. அதற்கென்று குட்டிப் பித்தளை அடாப்டர் கிடைக்கிறது, சாவிக்கொத்தில் மாட்டி வையுங்கள்.

பஞ்சரைவிட மோசமானது ஹேங்கர் வளைவது. பின் கியர் தொங்கும் அந்த அலுமினியத் துண்டு, பிரேமைக் காப்பாற்றத் தான் வளைந்துகொள்ளட்டும் என்றே மெலிதாகச் செய்யப்பட்டது. மாடலுக்கு மாடல் வடிவம் மாறும். உள்ளூரில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். சைக்கிள் வாங்கிய கையோடு இன்னொன்று வாங்கிப் பையில் போட்டுவிடுங்கள்.

எனக்கு வேகம் வராது. பின்தங்கினால் கோபிப்பீர்களா?

சேரத் தயங்குகிறவர்கள் பாதிப் பேர் இதனால்தான் தயங்குகிறார்கள். வேகம் எங்களில் பாதிப் பேருக்கும் வராது. யார் முதலில் உச்சிக்குப் போனார் என்பதை, ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப் பார்த்துக்கொள்ளும். கடைசி ஆள் எப்படி வந்து சேர்ந்தார் என்பதைத்தான் நாங்கள் பார்ப்போம். இங்கே இருக்கிற விதிகள் எல்லாம் கடைசி ஆளுக்காகவே ஏற்பட்டவை.

பம்பும் டியூபும் கருவிகளும் பின்னால் வருகிறவரிடம் இருக்கும். முன்னால் போகிறவரிடம் இருந்து என்ன பயன்? பஞ்சரானவர் பின்னால் நின்று கத்தினால் அவருக்குக் கேட்கவா போகிறது? பாதை பிரியும் இடத்தில் முதலில் வந்தவர் நிற்க வேண்டும். அடுத்தவர் கண்ணில் பட்டு, கை காட்டிய பிறகுதான் நகர வேண்டும். அடுத்தவர் அங்கே நிற்பார். கடைசி ஆள் தெரியாத பாதையில் தனியாக யோசித்து நிற்கும் நிலை வரவே கூடாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஓய்வு. மேலே முதலில் ஏறியவர்கள் பதினைந்து நிமிடம் காற்று வாங்கி, போட்டோ எடுத்து, கடலை மிட்டாய் தின்று முடித்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து காலை ஊன்றியதும் "வந்துட்டாரு, போலாமா?" என்று எல்லாரும் சைக்கிளில் ஏறுவார்கள். ஓய்வு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் அது கிடைக்காது. ஊர் ஊருக்கு சைக்கிள் கூட்டங்கள் உடைவது இந்த இடத்தில்தான் என்பது என் அபிப்பிராயம். அவர் யாரையும் குறை சொல்ல மாட்டார். அடுத்த வாரம் உறவுக்காரர் கல்யாணம் என்பார், அதற்கடுத்த வாரம் உடம்பு சரியில்லை என்பார், பிறகு வாட்ஸ்அப் குரூப்பில் நீல டிக் மட்டும் விழும். அதனால் இங்கே 'போலாம்' என்ற வார்த்தையைச் சொல்லும் உரிமை கடைசியாக வந்தவருக்கு மட்டும்தான். அவர் தண்ணீர் குடித்து, ஷூவைக் கழற்றிக் கல்லைத் தட்டி, அவசரமில்லாமல் சொல்லட்டும். காட்பாடிப் பையன்களுக்கு ஆரம்பத்தில் இது பிடிக்கவில்லை. இப்போது காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் மறுபடி இரண்டு வளைவு கீழே இறங்கி, கடைசி ஆளோடு சேர்ந்து இன்னொரு முறை ஏறுகிறார்கள். வயது அப்படி.

கீழே விழுந்தால்?

விழுவீர்கள். ஏறும்போது விழுந்தால் சிரிப்போம், இறங்கும்போது விழுந்தால் ஓடி வருவோம். ஹெல்மெட், கையுறை கட்டாயம். விழுகிற எவரும் முதலில் உள்ளங்கையைத்தான் ஊன்றுவார்கள்.

இறக்கத்தில் புதியவர்கள் முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் அழுத்திக்கொண்டே வருவார்கள். சக்கரம் சறுக்கும், டிஸ்க் சிவக்கச் சூடாகும், பிரேக் பேட் பளபளத்துப் பிடிக்காமல் போகும். நிறுத்தும் பலம் பெரும்பாலும் முன் பிரேக்கில்தான் இருக்கிறது. இடுப்பை சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்துவிடுங்கள்; வளைவுக்குள் பிரேக் வேண்டாம். பாலமதி வளைவுகளில் மழைக்குப் பிறகு ஓரமாக மணல் அரித்து வந்து படிந்திருக்கும். தார் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குப் படாது.

சிராய்ப்பைச் சுத்தமான தண்ணீரால் கழுவி, டிடி ஊசி எப்போது போட்டது என்று யோசியுங்கள். தலையில் அடி, தோள்பட்டை எலும்பில் வலி என்றால் வீரம் காட்டாமல் 108.

தெருநாய்?

மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள். இறங்குங்கள், சைக்கிளை நடுவே நிறுத்துங்கள், மெதுவாக நடங்கள். பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும். கடித்துவிட்டால், கீறல் என்றாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரியில் தடுப்பூசி. மஞ்சள், சுண்ணாம்பு வைத்தியம் வேண்டாம்.

இந்த வெயிலில் எப்படி?

வெயிலில் ஓட்டுவதில்லை, அவ்வளவுதான். காலை 5 மணிக்குக் கிளம்பி 8.30க்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும். மே மாதம் கத்திரி நடக்கும்போது மலைப்பக்கமே போகமாட்டோம். பாறை முதல் நாள் சூட்டை விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும். நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை எங்கள் திருவிழாக் காலம்.

ஆளுக்கு இரண்டு பாட்டில். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் உப்பு போட்ட எலுமிச்சைச் சாறு. திரும்பி வரும்போது கேழ்வரகுக் கூழ், மோர்மிளகாய். காசு கொடுத்து வாங்கும் எந்தக் கலர் தண்ணீரும் அதற்குப் பக்கத்தில் வராது.

பெண்கள் வரலாமா?

வருகிறார்கள். தனியாக ஓர் ஏற்பாடும் செய்யவில்லை, இரண்டு விஷயத்தைத் தவிர. விடியுமுன் இருட்டில் தனியாக வர வேண்டாம். வழியில் இருப்பவர் வீட்டு வாசலில் வந்து சேர்ந்துகொள்வார். கழிவறை இருக்கும் பெட்ரோல் பங்க் எது என்று பார்த்துத்தான் பாதையே போடுகிறோம். இதைச் சொன்னது டீச்சர் அக்கா. சொன்ன பிறகுதான் ஆண்களுக்கும் அது உறைத்தது. துப்பட்டா செயினில் மாட்டும், முடிந்துகொள்ளுங்கள்.

வீட்டில் என்ன சொல்கிறார்கள்?

"பைக் இருக்கும்போது எதுக்கு இந்த வேலை?" என்பது அம்மாக்கள். "இந்த வெலைக்கு ஒரு பவுன் எடுத்திருக்கலாம்" என்பது மனைவிமார். இரண்டுக்கும் எங்களிடம் பதில் இல்லை. ஒப்பந்தம் மட்டும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை 9 மணிக்குள் கறிக்கடை வரிசையில் நிற்க வேண்டும். ஹெல்மெட்டோடு ஐந்தாறு பேர் வரிசையில் நின்றால் கடைக்காரருக்கே எங்கள் ஓட்டம் முடிந்தது தெரியும். முகூர்த்த நாளில் ஓட்டம் கிடையாது.

சாப்பாடு?

ஏறுவதற்கு முன் ஒரு வாழைப்பழம் போதும். ஏலகிரியிலிருந்து திரும்பும்போது மட்டும் ஆம்பூரில் நிற்போம். சீரகச் சம்பா பிரியாணி, தொட்டுக்கொள்ளக் கத்திரிக்காய். எந்தக் கடை என்று கேட்காதீர்கள். அந்த ஒரு கேள்வியில் நட்பே போய்விடும். மிதித்துக் கரைத்ததைவிட அதிகமாகச் சாப்பிடுவோமா என்றால், ஆமாம்.

கட்டணம் உண்டா?

இல்லை. டீக்காசைச் சுற்று முறையில் கொடுப்போம். யாராவது பொது டியூபை எடுத்துப் போட்டால் அடுத்த ஞாயிறு புதிதாக ஒன்று வாங்கி வைத்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப் குரூப்பில் எதற்கு அனுமதி இல்லை?

குட் மார்னிங் பூ, கட்சி, சாதி, சீட்டுக் கம்பெனி. இரவு 9க்குள் 'வரேன்' என்று போடுங்கள். போட்டுவிட்டு வராமல் இருந்தால் பத்து நிமிடம் காத்திருப்போம், போன் அடிப்போம், பிறகு வீட்டு வாசலில் வந்து பெல் அடிப்போம்.

முதல் தடவை வர என்ன கொண்டுவர வேண்டும்?

காற்று சரியாக இருக்கும் சைக்கிள், இரண்டு பாட்டில் தண்ணீர், உங்கள் சக்கரத்துக்குப் பொருந்தும் டியூப் ஒன்று, வீட்டு போன் எண் எழுதிய சீட்டு, கையுறை, ஹெல்மெட். இரவல் சைக்கிள் வேண்டுமானால் வியாழக்கிழமைக்குள் சொல்லுங்கள், மாமாவின் பழைய 26 இன்ச் இருக்கிறது. ஹெல்மெட் மட்டும் இரவல் கிடையாது. அது இல்லாமல் வந்தால் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவோம்.